வீட்டுப்பாடக் கட்டம்

“கடையில நான் காட்டின நோட்டு எவ்வளவு அழகா இருந்துச்சு. இதுல பாரு, வீட்டுப்பாடத்துக்கு இவ்வளவு பெரிய கட்டம் போட்டிருக்கான்” என்றார் கணவர்.

“டீச்சர் நானா, நீங்களா?” என்றபடி புது லெசன் பிளான் நோட்டைச் சாப்பாட்டு மேஜையில் விரித்தாள் மனைவி. பெரியவர்களுக்கான மாலைப் பள்ளியில் நாளை அவளுக்கு முதல் வகுப்பு. பத்தாம் வகுப்புக் கணக்கு.

‘திங்கள் – டெஸ்ட்’ என்று சிவப்பு மையில் எழுதினாள்.

“வேலைக்குப் போயிட்டு வர்றவங்க, பாவம். டெஸ்ட்டைப் புதன்கிழமை வையேன்.”

“சரி, புதன். முதல் பாடம் அல்ஜீப்ரா.”

“எடுத்த எடுப்பிலேயே ஏன் பயமுறுத்தறே? கூட்டல், கழித்தல்லேருந்து ஆரம்பி. அப்புறம், பின் பெஞ்சுல இருக்கறவங்களை எழுப்பிக் கேள்வி கேட்டு மானத்தை வாங்கிடாதே.”

அவள் பேனாவை மூடினாள். “முகம் தெரியாத ஆளுங்களுக்கு ஏன் இப்படி வக்காலத்து வாங்கறீங்க?”

அவர் உள்ளே போய், அலமாரியில் சட்டைகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த புது ஜாமெட்ரி பாக்ஸை எடுத்து வந்து மேஜையில் வைத்தார்.

“நான் ஒன்பதாவதோட நின்னவன்தானே. உன் கிளாஸ்லதான் சேர்ந்திருக்கேன்” என்றார், கையைக் கட்டிக்கொண்டு.

அவள் புதனை அடித்துவிட்டு மறுபடி திங்கள் என்று எழுதினாள். கல்யாணமான நாளிலிருந்து அவரை ‘வாங்க, போங்க’ என்றே அழைத்து வந்தவள், சிரிப்பை அடக்கிக்கொண்டு நிமிர்ந்தாள்.

“பின் பெஞ்செல்லாம் கிடையாது. நாளைக்கு முதல் பெஞ்சுல வந்து உட்காரு.”