சட்டையில் ஒட்டிய வாசனை

துறைமுக வேலை முடிந்து ராயபுரம் வீட்டுக்குள் சவரிநாதன் நுழைந்ததுமே, மனைவி சிலுவையம்மாள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னாய்யா வாசனை இது?”

“இன்னா வாசனை?” என்றான் அவன், ஒன்றும் தெரியாதவன் போல.

“கமலாப்பழத் தோலு. கூடவே மாம்பழம். கொஞ்சூண்டு ஏலக்காய் வேற. எவ தெளிச்சி வுட்டா இந்த செண்ட்டை?”

“லவங்க வாசனை கீதா? நல்லா மோந்து சொல்லு.”

“அதுவும் லேசா கீது. பேச்சை மாத்தாதே, அவ பேரைச் சொல்லு!”

சவரிநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. அழத் தொடங்கியவளை அப்படியே தூக்கி ஒரு சுற்று சுற்றினான்.

“ஐயோ, வுடுய்யா! மானம் போவுது!”

“எவளும் இல்ல. நாந்தான் பாரிஸ் கார்னர்ல வாங்கித் தெளிச்சிகினு வந்தேன். மோந்து பாருன்னு சொன்னாலே அழுவுறியே, அதான் சொல்லாம வந்தேன்.”

இரண்டு மாதத்துக்கு முன் காய்ச்சலில் விழுந்து எழுந்ததிலிருந்து மல்லிகையும் கருவாடும் அவள் மூக்குக்கு ஒன்றுதான். நல்ல மீன் எது, கெட்டது எது என்று தெரியாமல் வியாபாரத்துக்கே போகவில்லை.

சிலுவையம்மாள் அவன் சட்டையை மறுபடியும் மோந்து பார்த்தாள். பிறகு மூலையில் கவிழ்ந்து கிடந்த மீன்கூடையை எடுத்து முகத்தைப் புதைத்தாள்.

“தூ! கலீஜு நாத்தம்யா!” என்று கத்தினாள், சிரிப்பு தாங்காமல்.