முப்பது முடியும் முன்

"கிழிஞ்சிருக்குடா. உருவிச் சரிபண்ற சதை இல்ல இது. ஒன்றரை மாசம் ஓடக்கூடாது."

ஹம்மாம் என்ற பொதுக் குளியல்கூடத்தில் உடம்பு பிடித்துவிடும் நூயி, தர்ராஜியின் இடது காலை மெதுவாகக் கீழே வைத்தான். கெண்டைச் சதையிலிருந்து குதிகால் வரை நீலம் பாரித்திருந்தது.

"ஞாயித்துக்கிழமை ஓட்டம், நூயி. நாலே நாள்தான் இருக்கு."

"அப்ப தவழ்ந்து போ."

தர்ராஜிக்குச் சிரிப்பு வரவில்லை. தீயணைப்புப் படைக்கு ஆள் எடுக்கிறார்கள். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டான். உடல் தகுதித் தேர்வு மட்டும்தான் பாக்கி. ஆயிரத்து ஐந்நூறு மீட்டரை ஆறு நிமிடத்தில் ஓட வேண்டும். அதற்காகத்தான் விடியற்காலைக் குளிரில், உடம்பைச் சூடுபடுத்தாமல் கல்மேட்டில் ஓடினான். பாதி மேட்டில், யாரோ பின்னாலிருந்து கல்லால் அடித்தது போல் கெண்டைக்காலில் ஓர் அடி. கோபமாகத் திரும்பிப் பார்த்தான். ஒருத்தரும் இல்லை.

"அடுத்த வருஷம் ஓடேன். படை எங்கயும் போயிடாது."

"படை போகாது. என் வயசு போயிடும். மார்ச் பதினொண்ணோட எனக்கு முப்பது. அதுக்கு மேல விண்ணப்பமே வாங்க மாட்டான்."

நூயி அவனை மேலும் கீழும் பார்த்தான். "ஆமா, பெரிய முப்பது! ஒண்ணாங்கிளாஸ்ல என் பக்கத்துலதானே உக்காந்தே? பெஞ்சில ஏத்திவிட்டா உன் கால் தரையைத் தொடாது. உங்க வீட்டுல உனக்குச் சோறே போடலையாடா?"

"வாயை மூடிக்கிட்டுக் கால்ல கட்டுப் போடு."

வீட்டில் அம்மா ஸுலீகா காலைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். முற்றத்தில் கிடந்த பனியை அள்ளிப் பையில் கட்டி, நாள் முழுக்க ஒத்தடம் கொடுத்தாள். மகனைக் கக்கூசுக்குக்கூடத் தனியாக விடவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் வீக்கம் கொஞ்சம் வடிந்தது. வலி வடியவில்லை.

"போகாதடா. காலே போயிடும்."

"போகலன்னா பொழைப்பே போயிடும், யெம்மா. ஏழு வருஷமா சிமெண்ட் மூட்டை தூக்குறேன். ஹூரியாவோட அப்பா என்ன சொல்றாரு? அரசாங்க வேலையோட வா, பொண்ணு தர்றேங்கிறாரு. இதை விட்டா எனக்கு வேலையும் இல்ல, ஹூரியாவும் இல்ல."

ஸுலீகா பனிப்பையை இடம் மாற்றி வைத்தாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"ஏண்டா, அந்த வயசை ஆபீஸ்ல சொல்லி மாத்திக்க முடியாதா?"

"யாருக்கு லஞ்சம் கொடுக்கச் சொல்றே? பிறப்புத் தாள்ல கை வச்சா என்ன ஆகும் தெரியுமா? பெத்தவளையும் பிள்ளையையும் சேர்த்து உள்ள தள்ளுவான். போன வருஷம் அந்த ரொட்டிக்கடைக்காரன் கம்பி எண்ணினானே, மறந்துட்டியா?"

அவள் முகம் வெளுத்துவிட்டது. கட்டுத்துணியை எடுத்துக் காலில் சுற்றினாள். "மெதுவா, மெதுவா" என்று அவன் கத்தியதுகூட அவள் காதில் விழவில்லை.

ஞாயிறு காலை மைதானத்தில் நூறு பேருக்கு மேல் நின்றார்கள். கட்டு தெரியாமலிருக்க தர்ராஜி நீளக் கால்சட்டை போட்டிருந்தான். விசில் ஊதியதும் பல்லைக் கடித்துக்கொண்டு கிளம்பினான்.

முதல் இரண்டு சுற்றில் மூன்றாவது ஆளாகவே வந்தான். வேலிக்கு வெளியே நின்ற நூயி, "விடாதே சிங்கம்!" என்று தொண்டை கிழியக் கத்தினான். மூன்றாவது சுற்றில் அதே கல்லடி மறுபடியும் விழுந்தது. இந்தத் தடவை தர்ராஜி திரும்பிப் பார்க்கவில்லை. மிச்சத் தூரத்தை ஒற்றைக் காலில் இழுத்துக்கொண்டு வந்து கோட்டின் மேல் விழுந்தான்.

ஆறு நிமிடம் நாற்பது விநாடி.

தீயணைப்புப் படைக் கேப்டன் தானே வந்து கைகொடுத்துத் தூக்கினார்.

"இந்தக் காலை வச்சுக்கிட்டு இவ்வளவு தூரம் வந்தியா? உன்னை மாதிரி ஆள்தான்யா எனக்கு வேணும். காலைச் சரிபண்ணிக்கிட்டு அடுத்த வருஷம் வா, தம்பி. உன் பேரை நானே..." என்றபடி கோப்பைப் புரட்டியவர், பிறந்த தேதியில் நிறுத்திக்கொண்டார். "அடடா. மார்ச்சோட முப்பதா? அல்ஜியர்ஸ்ல தலைமை ஆபீஸ் போட்ட விதி, தம்பி. நான் என்ன பண்ண முடியும்?"

நல்ல மனிதர்தான். ஆனால் விதி இருக்கும்போது நல்ல மனிதரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கோப்பு மூடப்பட்டது. அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

நூயி அவனைத் தூக்காத குறையாகக் கொண்டுவந்து வீட்டில் விட்டுப் போனான். அப்பா செத்தபோதுகூட அழாத தர்ராஜி, அன்றைக்குச் சுவரில் தலையை முட்டி முட்டி அழுதான்.

"எல்லாம் போச்சு, யெம்மா. வயசு மட்டும் இருந்திருந்தா இந்தக் காலோட நான் ஓடியிருப்பேனா? ஒரு வருஷம், ஒரே ஒரு வருஷம் பிந்தி என்னைப் பெத்திருக்கக் கூடாதா நீ?"

ஸுலீகா அவன் தலையை இழுத்துத் தன் மார்பில் சேர்த்துக்கொண்டாள்.

"ரெண்டு வருஷம் பிந்தித்தான்டா பெத்தேன்," என்றாள். "அந்தத் தேதியில பொறந்தவன் உன் அண்ணன், அவன் செத்ததை எழுதவும் நீ பொறந்ததை எழுதவும் பனியில டவுன் வரைக்கும் யாரு நடக்கிறதுன்னு, அவன் பேரையும் தாளையும் உங்கப்பா உனக்கே வச்சிட்டாரு."