நீல ஃபியூஸ்

சுனில்டாவின் உள்ளாடைக்குள் கிடந்த நீல ஃபியூஸ், அவள் மூச்சு விடும்போதெல்லாம் குத்தியது. காரைச் சாகடித்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல வாசலில் மாத்தே தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

காருக்குள் அவள் கணவன் டெர்லிஸ் சாவியைத் திருப்பினான். கார் இருமக்கூட இல்லை.

"மறுபடி திருப்புடா," என்றார் அண்ணன் சிப்ரியானோ, போனெட்டுக்குள் தலையை விட்டபடி. மோட்டார் சைக்கிளைத் தவிர வேறெதையும் அவர் ஓட்டியதில்லை. ஆனால் எந்த போனெட் திறந்தாலும் முதலில் நுழைவது அவர் தலைதான்.

"திருப்பிட்டேன் அண்ணே." டெர்லிஸ் கியரின் மேல் கையை ஊன்றிக்கொண்டு வானத்தைப் பார்த்தான்.

அண்ணனும் தம்பியும் அன்று எல்லை தாண்டிப் புவெனஸ் ஐரஸுக்குக் கிளம்ப வேண்டும். இரண்டு வருஷம் கட்டட வேலை. டைல்ஸை ஏற்றிக்கொண்டு அலையக் காரோடு வருகிற ஆள்தான் வேண்டும் என்று மேஸ்திரி கறாராகச் சொல்லியிருந்தார்.

அப்பாவுக்குப் பிறகு வளர்த்து ஆளாக்கிய அண்ணனிடம், டெர்லிஸின் வாயில் "சரி அண்ணே"யைத் தவிர வேறு வார்த்தை வராது. சுனில்டாவின் திமிரும் அதற்குச் சளைத்ததல்ல. "போறதுன்னா போ, எனக்கென்ன" என்று சொல்லிவிட்டு, ஒரு வாரமாகச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

காலையில் அவன் குளிக்கப் போன நேரத்தில்தான் அவள் காருக்குள் புகுந்தாள். அந்தத் தெருவின் மற்ற கார்களைப் போல அதுவும் ஜப்பானிலிருந்து வந்த பழைய கார். வலப்பக்கம் இருந்த ஸ்டீயரிங்கை இங்கே இடப்பக்கம் மாற்றியவர்கள், ஃபியூஸ் பெட்டியை மாற்றவில்லை. அதனால் அது சுனில்டா உட்காரும் பக்கம், அவள் முட்டிக்கு நேரே மாட்டிக்கொண்டது.

"ஒவ்வொரு ஃபியூஸும் ஒரு வேலைக்குக் காவக்காரன். ஒருத்தனைத் தூக்கினா அவன் வேலை மட்டும் நிக்கும்," என்று டெர்லிஸ் எப்போதோ சொல்லியிருந்தான். எவனுக்கு எந்த வேலை என்று மூடியில் அச்சடித்திருந்தது, ஜப்பானிய மொழியில். நடுவில் முதலாளி போல உட்கார்ந்திருந்த நீலத்தை, புருவம் எடுக்கும் இடுக்கியால் பிடுங்கிவிட்டாள்.

"விளக்கு எரியுது. ஹார்ன் கத்துது. ரேடியோவும் இன்ஜினும் மட்டும் ஊமையாக் கெடக்கு. என்ன எழவு காருடா இது?" என்றார் சிப்ரியானோ.

"ஜப்பான் காருல்ல, பெரியவரே. நீங்க திட்டறது அதுக்குப் புரியாது," என்றாள் சுனில்டா.

"உன் வாய்க்கு ஒரு ஃபியூஸ் இருந்தா மொதல்ல அதைப் பிடுங்கணும்." சட்டென்று நிமிர்ந்தார். "டேய், ஃபியூஸ் பாத்தியா?"

சுனில்டா அவசரமாகக் கார்ப்பக்கம் வந்தாள். டெர்லிஸ் குனிந்து, பெட்டியின் மூடியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு அண்ணே," என்று மூடியைப் பழையபடி மாட்டினான்.

அவளுக்கு உயிர் திரும்பி வந்தது. ஃபிரிட்ஜில் முன்னால் நிற்கும் பால் பாட்டிலையே "எங்கே, எங்கே" என்று தேடுகிற மனுஷன், ஒரு சின்ன ஓட்டையையா கண்டுபிடிக்கப் போகிறான்? அவன் கண்களைப் படைத்த கடவுளுக்கு நன்றி சொன்னாள்.

"மெக்கானிக் எவனையாவது கூட்டிட்டு வாடா."

"காகுபே திருவிழா அண்ணே. ஊர்ல இருக்கற மெக்கானிக் அத்தனை பேரும் மாதாவைப் பாக்க நடந்து போயிட்டாங்க."

"வருஷம் பூரா அடிச்ச கொள்ளைக்கு ஒருநாள் நடந்தா கணக்கு சரியாயிடுமா?" சிப்ரியானோ போனெட்டை ஓங்கி அறைந்து மூடினார். "நான் பஸ்ல போறேன். திங்கக்கிழமை கார் வரலைன்னா மேஸ்திரி உன் எடத்துக்கு வேற ஆளைப் போட்டுருவான். தெரியும்ல?"

"சரி அண்ணே."

"அழவாவது செய்யேன்டா. எல்லாத்துக்கும் ஒரு சரி."

வழிக்கென்று சுனில்டா சுட்டு வைத்திருந்த சிப்பா ரொட்டிகளை, தம்பியின் பங்கையும் சேர்த்துப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு இறங்கி வந்த தம்பியைக் கட்டிப்பிடித்து, முதுகில் வலிக்கிற மாதிரி ஒரு தட்டுத் தட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார். தெருமுனையில் பஸ் அவரை விழுங்கிக்கொண்டு போனது.

டெர்லிஸ் மறுபடி காருக்குள் போய் உட்கார்ந்தான். சுனில்டா மறுபக்கக் கதவைத் திறந்து, தன் இடத்தில் அமர்ந்து, சூடான மாத்தேயை அவனிடம் நீட்டினாள். ஒரு வாரத்தில் அவள் அவனிடம் நீட்டிய முதல் மாத்தே.

"பாவம், நல்ல காரு," என்றாள் துக்கமாக.

அவன் நிதானமாக உறிஞ்சி முடித்தான். இத்தனை நேரமும் காரைக் கிளம்பவிடாமல் 'டிரைவ்'வில் கிடந்த ஆட்டோமேட்டிக் கியரைப் 'பார்க்கிங்'குக்குத் தள்ளிவிட்டு, சாவியைத் திருப்பினான். முதல் திருப்பிலேயே இன்ஜின் உறுமிக்கொண்டு கிளம்பியது.

வாயைத் திறந்தபடி நெஞ்சில் கை வைத்த மனைவியின் முன்னால், அவன் உள்ளங்கையை நீட்டினான்.

"நீலம் ரேடியோவுக்கு, சுனி. அடுத்த தடவை மஞ்சளைப் பிடுங்கு."