ஆறு மாதத் தேமல்

அம்மா இப்போதும் ஆறு மாதம் என்றுதான் சொன்னாள்.

மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பரிசோதனை முடிவு மேஜையில் விரிந்து கிடந்தது. போன வாரம் அவளுடைய முழங்கையில் மரத்துப்போக ஊசி போட்டு, மிளகளவு தோல் எடுத்து அனுப்பியிருந்தார் டாக்டர் ரெஜினா. தேமல் இல்லை. வெண்புள்ளியும் இல்லை. லிம்ஃபோமா. தோலில் வருகிற ஒரு வகைப் புற்றுநோய், சிலருக்குச் சின்ன வயதிலேயே தொடங்கிவிடும் என்று டாக்டர் நிதானமாகச் சொல்லி முடித்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

அதன் பிறகுதான், எப்போது தொடங்கியது என்று கேட்டார்.

“ஆறு மாசமாத்தான் இருக்கு டாக்டர். அதுக்கு முன்னால ஒரு புள்ளி கிடையாது.”

புற்றுநோய் என்று காதில் விழுந்த பிறகும் ஒரு மனுஷியால் இப்படிச் சொல்ல முடிகிறது.

அவளுக்குப் பத்தொன்பது வயது. முழங்கையில் அந்த வெளுப்பு வந்தபோது ஐந்தாம் வகுப்பு. முதல் டாக்டர் வயிற்றில் பூச்சி என்று மாத்திரை கொடுத்தார். அவரிடம் ஆறு மாதம் என்றாள் அம்மா. அடுத்தவர் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். அவரிடமும் ஆறு மாதம். மூன்றாமவர் தொழுநோயோ என்று சந்தேகப்பட்டு, பஞ்சால் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. அம்மா அங்கேயே மேலே பார்த்துக் கும்பிட்டாள். கும்பிட்ட கையை இறக்கிவிட்டு, ஆறு மாதம் என்றாள்.

அவளுக்கு வயது ஏறியது. தேமலுக்கு மட்டும் ஏறவே இல்லை.

பழைய சீட்டு இருக்கிறதா என்று எல்லோரும் கேட்டார்கள். இல்லை என்று அம்மா கூசாமல் சொன்னாள். எல்லாம் பீரோவில் புடவைக்கு அடியில் இருந்தன. ஒவ்வொரு டாக்டரும் முதலிலிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொருவரும் ஒரு களிம்பு எழுதினார். அவள் ஒவ்வொன்றையும் தடவினாள்.

அம்மாவின் கணக்கு எளிது. ஆறு மாதம் என்றால் தேமல். வருடக்கணக்கு என்றால் வியாதி. வியாதிக்காரப் பெண்ணை யார் கட்டிக்கொள்வார்கள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

“அம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஆறே மாசத்துல கை, தொடைன்னு இவ்வளவு வந்திருந்தா இது வேகமா போகுதுன்னு அர்த்தம். வைத்தியமும் கடுமையா இருக்கும். வருஷக்கணக்கா மெதுவா வந்திருந்தா அது வேற. பெரும்பாலும் அதுக்குன்னு இருக்கிற விளக்கு வெளிச்சத்துல நிக்க வச்சே அடக்கிரலாம்.”

அம்மா தரையைப் பார்த்தாள்.

“ஒன்பது வருஷம்” என்றாள் அவள்.

மேஜைக்கு அடியில் தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது. இந்த நிமிடத்தில்கூடக் கிள்ளு.

“ஒன்பது வருஷம் டாக்டர். அஞ்சாம் வகுப்புல இருந்து. வீட்டுல சீட்டெல்லாம் இருக்கு. நாளைக்கே கொண்டு வர்றேன். இவங்க சொல்றது எதையும் எழுதாதீங்க.”

குரல் நடுங்கியது. அழுகை என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்று அதற்கும் கோபம் வந்தது.

டாக்டரின் முகம் கொஞ்சம் தெளிந்தது. ஒன்பது வருடமாக இப்படியே இருக்கிறதென்றால் அது நல்லதுதான் என்றார். எழுதினார்.

“பதினொண்ணு” என்றாள் அம்மா.

அவளுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. நீண்ட நாள் என்றால் நல்லது என்று தெரிந்ததும் கூட்டிக் கேட்கிறாள். கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுகிற அதே வாய்.

“மூணாம் வகுப்பு படிக்கிறா அப்போ. குளிப்பாட்டுறப்பப் பார்த்தேன்.”

“பொய் டாக்டர். முதல்ல வந்தது முழங்கையிலதான். எனக்குத் தெரியாதா?”

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்து அவர்களைத் திரைக்குப் பின்னால் அழைத்துப் போனார்.

“எங்க பார்த்தீங்க? காட்டுங்க.”

அவள் பெரியவளான பிறகு அம்மா அவள் உடம்பைப் பார்த்ததே இல்லை. எண்ணெய் தேய்க்கக்கூட அவள் விடமாட்டாள். ஏழு வருடம்.

அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கை மட்டும் நீண்டது. சுடிதாருக்கு மேலேயே, இடது இடுப்புக்குக் கீழே, பின்பக்கமாகப் போய் ஓர் இடத்தில் விரல் நின்றது. தேடவில்லை.

டாக்டர் துணியை விலக்கிப் பார்த்தார்.

“ஆமா” என்றார். “இதுதான் இருக்கிறதுலயே பழசு.”

அவளால் திரும்பிப் பார்க்க முடியாத இடம். வீட்டிலிருக்கிற சின்னக் கண்ணாடியிலும் தெரியாது. அங்கே ஒன்று இருப்பதே அவளுக்கு இன்றுதான் தெரியும்.

அம்மாவுக்குத் தெரியும். பதினொரு வருடமாக, எந்த இடம் என்பது வரைக்கும் தெரியும்.

டாக்டர் மேஜைக்குத் திரும்பிப் போய் ஒன்பதை அடித்துவிட்டு எழுதுகிற சத்தம் கேட்டது.

“கைய எடு” என்றாள் அவள்.

அம்மா எடுக்கவில்லை.