காக்கையின் கடைசிச் சீட்டு

காக்கையும் அணிலும் ஆமையும் இருபக்கச் சீட்டு ஆடின. தன் சீட்டின் முன்பக்கம்தான் தனக்குத் தெரியும். பின்பக்கம் எதிரே இருப்பவர்களுக்குத் தெரியும். யாராவது ‘திருப்பு’ சீட்டைப் போட்டால் எல்லோரும் கைச்சீட்டைத் திருப்பி ஆட வேண்டும். அதற்குமுன் திருப்பிப் பார்த்தால் ஐந்து சீட்டு தண்டம்.

காக்கையிடம் மிஞ்சியது ஒரே சீட்டு, சிவப்பு நான்கு. நடுவில் கிடந்த சீட்டும் அதே சிவப்பு. போட்டால் ஜெயம். அணில் அதன் பின்பக்கத்தைப் பார்த்துக் களுக்கென்று சிரித்தது.

“என்னடா சிரிப்பு?”

“ஒண்ணுமில்லண்ணே, நீங்க ஆடுங்க.”

காக்கைக்குப் பொறுக்கவில்லை. திருப்பிப் பார்த்தது. சாதாரண ஊதா ஏழு.

“இதுக்கா சிரிச்சே?”

“சும்மாதாண்ணே. எடுங்க அஞ்சு.”

கொஞ்ச நேரத்தில் அணில் கையிலும் ஒரே சீட்டு நின்றது. ஆமை அதன் பின்பக்கத்தைப் பார்த்து, “அடப்பாவமே!” என்றது.

அணில் ஐந்து சீட்டு எடுத்தது.