சிறகில்லாத பூச்சி

"சிறகே இல்லாத பூச்சி மலை தாண்டுதுன்னா, யாரோ தூக்கிட்டுப் போறாங்கன்னு அர்த்தம். நீ எங்க போன, சொல்லு."

வீரையா கங்காணி, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் குந்தியிருந்தார். ரத்தினம்மா இன்னும் கூடையை இறக்கவில்லை.

ஹந்தானையில் பாதி மலை கறுத்துவிட்டது. கோப்பி இலைகளில் கரி மாதிரி பூஞ்சணம் அப்பியிருந்தது. கொம்புகளில் செதில் செதிலாகப் பூச்சி.

அது அடுத்து எங்கே போகும் என்று கண்டுபிடிக்க, துரைமார் பல்லேகலவிலிருந்து வீரையாவை அனுப்பியிருந்தார்கள். மற்றவர்கள் காற்றைப் பார்த்தார்கள். அவர், யார் யார் எந்தத் தோட்டத்துக்கு நடந்து போனார்கள் என்று கேட்டார்.

"பூச்சிக்கு ஜோசியம் பாக்குற கங்காணி" என்று பெண்கள் சிரித்தார்கள்.

அடுத்தது என்று அவர் முன்கூட்டியே சொன்ன இரண்டு தோட்டங்களும் கறுத்த பிறகு யாரும் சிரிக்கவில்லை.

"ஹுன்னஸ்கிரியவுக்குப் போனேன்யா. மக பாலம்மாவக் கட்டிக் குடுத்த எடம்."

"கையில என்ன கொண்டு போன?"

"ஒரு கோப்பிச் செடி. வேரோட, ஈரச் சாக்குல சுத்தி."

"கோப்பித் தோட்டத்துக்கே கோப்பிச் செடியா? கொல்லன் தெருவுல ஊசி விக்கப் போயிருக்க!"

"அவ பொறந்த வருசம் நட்ட மரத்தடியில மொளச்சது."

கங்காணி எழுந்துவிட்டார். ஹுன்னஸ்கிரிய இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறது. இன்றே ஆள் புறப்பட்டால், அந்தச் செடியையும் அதைச் சுற்றியுள்ளதையும் கொளுத்திவிடலாம். விட்டால் அந்த மலையும் போகும். கோப்பி செத்தால் லயத்தைக் காலி செய்து, ஆட்களை வந்த வழியே விரட்டுவார்கள்.

"எந்த எடத்துல நட்ட? ஒழுங்காச் சொல்லு."

ரத்தினம்மா கூடையை இறக்கி வைத்தாள்.

"எங்க ஊர்ல தலமாட்டுல கள்ளி நடுவோம். அங்க தேடிப் பாத்தேன், கள்ளி கெடைக்கல."

கங்காணிக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. தலைப்பாகையை மெல்லக் கழற்றினார்.

"பிள்ளப்பேத்துல போயிட்டா. புள்ள பொழச்சுக்கிச்சு. அங்க, அவ இருந்த லயத்துலதான் கெடக்கு."

பிறகு அவளே வழி சொன்னாள். ஓடையைத் தாண்டி, மேட்டில், மூங்கில் புதருக்குப் பக்கத்தில். மண் இன்னும் அமுங்கியிருக்காது, பார்த்ததும் தெரியும்.

அவர் படியிறங்கினார். அவள் பின்னாலேயே வேலி வரைக்கும் வந்தாள்.

"சுத்தி இருக்கறது எல்லாத்தையும் கொளுத்தச் சொல்லுங்கய்யா. எம்பேரன் இருக்கற எடம். ஆனா அது துளிர் விட்டிருந்தா... அந்த ஒண்ண மட்டும் விட்டுறச் சொல்லுங்களேன்."