பதினேழாம் நாள் விசாரணை

"ஏலே மணி, அந்த மஞ்சப்பை எங்கல?"

வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே வந்த மணிராஜ் நடையிலேயே நின்றுவிட்டான். நேற்றுத்தான் அவன் அண்ணன் பாண்டியராஜனுக்குப் பதினாறாம் நாள் விசேஷம் முடிந்திருந்தது. வாடகைப் பாத்திரங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மதினி இன்றைக்காவது ரெண்டு வாய் சாப்பிட்டாளா என்று பார்க்க வந்திருந்தான்.

"எந்தப் பை மதினி?"

"தெரியாத மாதிரி கேக்காத. உக்காரு."

மதினி இசக்கிச்செல்வியைப் பற்றி இடைசெவலில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். துப்பறியும் கதை என்றால் அவளுக்குச் சோறு தண்ணி வேண்டாம். பதிமூன்று வயதில் வாடகை நூலகத்தில் பிடித்த பைத்தியம். ஒரு நாவலை முடித்தால் போதும், மறுநாள் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடைத்துக்கொண்டே கூட இருக்கிற பெண்கள் அத்தனை பேருக்கும் கதையைச் சொல்லிவிடுவாள். கொலைகாரன் பேரை மட்டும் மதியச் சாப்பாடு வரை சொல்லாமல் இழுத்தடிப்பாள். பாவம், இப்போது அவள் வீட்டிலேயே ஒரு கேஸ்.

"உளுந்துக்குப் பூச்சிமருந்து வாங்கப் போறேன்னுதான் அவிய சொல்லிட்டுப் போனாவ. உரக்கடைக்குப் போன் போட்டுக் கேட்டேன். அன்னைக்கு வரவே இல்லைங்காரு அந்த அண்ணாச்சி. அப்ப எதுக்குல கோவில்பட்டிக்குப் போனாவ?"

மணிராஜ் வாசலில் நின்ற பைக்கைத் திரும்பிப் பார்த்தான்.

"திரும்பி வரும்போதுதான் நாலாட்டின்புதூர் விலக்குல லாரிக்காரன் அடிச்சான். ரோட்டுல ஒரு மஞ்சப்பையும் கிடந்துச்சுன்னு டீக்கடைக்காரரு சொல்லுதாரு. ஸ்டேஷன்ல கையெழுத்துப் போட்டுச் சாமான் வாங்கினது நீ. வீட்டுக்கு வந்தது போனும் பர்சும். பை வரல."

"விட்ருங்க மதினி. தெரிஞ்சு என்ன செய்யப் போறீய?"

"தூங்கப் போறேன்ல." அவள் குரல் உடைந்தது. "கதையில எத்தனை கொலை விழுந்தாலும் கடைசிப் பக்கத்துல யாருன்னு தெரிஞ்சிரும். புக்கை மூடி வச்சிட்டு நிம்மதியாப் படுக்கலாம். அதுக்குத்தானே படிக்கதே. எனக்குப் பதினேழு நாளாத் தூக்கம் இல்ல. அவிய அன்னைக்குப் போகக் காரணம் யாருன்னு மட்டும் எனக்குக் காட்டு. லாரிக்காரனை மன்னிச்சாலும் மன்னிப்பேன், அந்த ஆளை மன்னிக்க மாட்டேன். எம்புருஷனைக் கொன்னது அந்த ஆளுதான்."

"மதினி..."

"போறதுக்கு முந்தி ரெண்டு நாளா அவியகிட்ட முகங்குடுத்துப் பேசக்கூட இல்ல, பாவி நான்! போன்ல வாரா வாரம் ஒரு தொடர் ஓடுச்சுல்லா, அது நான் சின்னப்பிள்ளையில படிச்ச நாவலு. முடிவை மாத்தி, டிரைவர்தான் கொன்னான்னு முடிச்சிட்டானுவ. புக்குல மூத்த மருமகதான்னு நான் சொன்னேன். 'ஆமா, உனக்குத்தான் எல்லாம் தெரியும்'னு உங்கண்ணன் அத்தனை பேரு முன்னால சிரிச்சாவ. அந்தக் கோவத்துல பேசாமலே அனுப்பிட்டேனேல!"

முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு அவள் அழுதாள். பன்னிரண்டு வயதில் தாயைப் பறிகொடுத்தவன் மணிராஜ். அன்றிலிருந்து இவள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன். இந்த வீட்டை விட்டால் அவனுக்குப் போக்கிடம் கிடையாது.

அவள் அழுது ஓயும்வரை காத்திருந்தான்.

"நாந்தான் மதினி."

"என்னது?"

"நாந்தான் அண்ணனைப் போகச் சொன்னேன். பாட்டில் வாங்கிட்டு வரச் சொன்னேன். பையில இருந்தது அதான். எல்லாம் உடைஞ்சு போச்சு. உங்ககிட்ட காட்ட வெக்கப்பட்டுத் தூரப் போட்டுட்டேன்."

அவள் அவனை நம்பமுடியாமல் பார்த்தாள். பிறகு எழுந்து வந்து ஓங்கி ஒரு அறை விட்டாள்.

"நீ குடிக்கதுக்கா என் தாலியை அறுத்த? உனக்கா நான் சோறு போட்டு வளத்தேன்?"

அவன் கன்னத்தைக்கூடத் தடவவில்லை. இன்னும் அடிக்கட்டும் என்று நின்றான்.

"போயிரு. இனி இந்த வாசப்படிய மிதிக்காத. நான் செத்தாலும் நீ வரப்புடாது, சொல்லிட்டேன்!"

"சரி மதினி," என்றான். "சாப்பிட்டுப் படுங்க."

அவள் சுவரோடு சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். ஊர்க் கொலைகாரனையெல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்தே கண்டுபிடிக்கிறவள்! கல்யாண வீட்டுச் சோடாவைத் தவிர வேறெதையும் குடித்தறியாதவன் மணிராஜ் என்பது அன்றைக்கு அவள் நினைப்பில் வரவே இல்லை.

கண்மாய்க்கரை வரை பைக்கை உருட்டிக்கொண்டே போனான் மணிராஜ். அங்கன ஆள் நடமாட்டம் இல்லை. பைக்கின் பக்கவாட்டுப் பெட்டியிலிருந்த மஞ்சப்பையைத் திறந்து, ரத்தம் காய்ந்து அட்டை ஒட்டிப்போயிருந்த ஒரு பழைய நாவலை எடுத்துப் பிரித்தான். முதல் பக்கத்தில் அண்ணனின் கோணல்மாணலான எழுத்து:

"கடைசி அத்தியாயத்தைப் பழைய புத்தகக் கடையில நின்னே படிச்சிட்டேன். மூத்த மருமகதான். நீ சொன்னதுதான் சரி. ஏட்டி செல்வி, இப்பவாவது என்கிட்ட பேசு."